நீர்ப்பாய்ச்சிக்கு ஒரு கூலி: கண்மாய்களைக் கையில் வைத்திருக்கும் துறைகளுக்குத் திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் நீர்வளத் துறை, ஊரக வளர்ச்சித் துறை அதிகாரிகளுக்கு வணக்கம்.

இராமநாதபுரம் மாவட்டத்தில், நூறு ஏக்கருக்கும் குறைந்த ஆயக்கட்டு (பாசன நிலம்) உள்ள ஒரு கண்மாயை நம்பிப் பயிர் செய்யும் குடும்பத்திலிருந்து இதை எழுதுகிறேன். தூர்வாருவதற்கு நிதி கேட்டு எழுதவில்லை. அதற்கான மனுக்கள் உங்கள் மேசையில் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கும். கண்மாய்ப் பாசனத்தில் ஒரு காலத்தில் ஊரே நம்பியிருந்து, இன்று எந்த மதிப்பீட்டிலும் இடம்பெறாமல் போய்விட்ட நீர்ப்பாய்ச்சிக்கு, அதாவது கரையைக் காத்து வயல்களுக்குத் தண்ணீரைப் பங்கிட்டு விடுபவருக்கு, மழைக்காலத்தில் தொடங்கி அறுவடை வரையிலான சில மாதங்களுக்காவது ஊதியம் கிடைக்க வழிசெய்ய வேண்டும் என்பதே என் கோரிக்கை.

ஜூன் 12-இல் மேட்டூர் திறக்குமா என்று டெல்டா விவசாயி காத்திருப்பதைப் போல நாள் குறித்துக் காத்திருக்க எங்களுக்கு எந்த அணையும் இல்லை. ஆவணியிலும் புரட்டாசியிலும் காய்ந்த நிலத்தை உழுது, புழுதியிலேயே நெல்லை விதைத்துவிட்டு வானத்தைப் பார்ப்பதுதான் எங்கள் வழக்கம். ஐப்பசி, கார்த்திகை மழையில் பயிர் தானாக வளர்ந்துவிடும். மார்கழியில் மழை ஓய்ந்த பிறகு, கதிர் வாங்கிப் பால் பிடித்து முற்றும் வரையிலான அந்தச் சில வாரங்களுக்குத்தான் கண்மாய்த் தண்ணீர் தேவைப்படுகிறது. நிலத்தடி நீர் பல இடங்களில் உப்பாக இருப்பதால், கண்மாய் கைவிட்டால் கிணற்றைக் கொண்டு ஈடுகட்டவும் முடியாது. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற முண்டு மிளகாய் புஞ்சையில் ஓரளவு கைகொடுக்கிறது என்றாலும், வீட்டுச் சோற்றுக்கு நெல் விளைய வேண்டுமானால் தண்ணீர் ஒரு வாரம் முன்னதாகத் தீர்ந்துவிடக் கூடாது. அந்த ஒரு வாரத்தைக் காப்பாற்றித் தருபவர்தான் நீர்ப்பாய்ச்சி.

அவர் செய்த வேலையை விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் மடையை, அதாவது தண்ணீர் விடும் மதகை, திறந்து மூடுவது மட்டுமே அது என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. கண்மாய் பெருகி நிற்கும் கார்த்திகை இரவுகளில் மண்வெட்டியும் விளக்குமாகக் கரை முழுவதும் நடந்து, வெளிச்சரிவில் எங்கே கசிகிறது என்று பார்ப்பார். கசியும் நீரைக் கையில் ஏந்தி வெளிச்சத்தில் காட்டுவார். தெளிந்த நீராக இருந்தால் அடுத்த இடத்துக்குப் போய்விடுவார், கலங்கலாக இருந்தால் உள்ளே நண்டு வளையோ எலி வளையோ வழியாகக் கரையின் மண் கரைந்து வருகிறது என்று உடனே ஆளனுப்பி ஊரை எழுப்புவார். வைக்கோலையும் களிமண்ணையும் மிதித்து அடைக்கும் அந்த வேலை பொழுது விடியும் வரை தள்ளிப்போடக் கூடியதன்று. தண்ணீர் பாயத் தொடங்கிய பிறகு, நிலக்காரர் யாரும் மடையிலோ வாய்க்காலிலோ கை வைக்கக் கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. எந்த வயலுக்கு எப்போது பாய வேண்டும் என்பதை அவரே முடிவு செய்வார். அவருக்கு அந்த வயல்களில் சொந்த நிலம் இல்லாததே பல ஊர்களில் அவருடைய தீர்ப்புக்குக் கிடைத்த மதிப்புக்குக் காரணம்.

அந்தக் காரணத்தின் மறுபக்கத்தையும் மறைக்காமல் எழுதுவதே நேர்மை. நீர்ப்பாய்ச்சும் வேலை பெரும்பாலான ஊர்களில் குறிப்பிட்ட சாதியினர் மீது, பெரும்பாலும் பட்டியல் சாதியினர் மீது, பரம்பரையாகச் சுமத்தப்பட்டிருந்தது. களத்தில் அளந்து கொடுக்கும் நெல்லும் கதிர்க்கட்டும், சில ஊர்களில் சிறிது மானிய நிலமும்தான் கூலி. அடுத்த தலைமுறைப் பிள்ளைகள் அதை உதறிவிட்டுத் திருப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் போனது முற்றிலும் சரி. பழைய முறையைப் புகழ்ந்து திரும்பக் கொண்டுவரச் சொல்வோருடன் எனக்கு உடன்பாடில்லை. அந்த வேலை மட்டும் இன்றும் அப்படியே இருக்கிறது, செய்ய ஆள் இல்லை என்பதுதான் பிரச்சினை. எனவே அது எந்தச் சாதியினரும் ஆணும் பெண்ணும் விண்ணப்பிக்கக் கூடிய, மாதக் கூலி உள்ள பணியாக மாற வேண்டும்.

இந்தக் கண்மாய்கள் எப்படி உங்கள் கைக்கு வந்தன என்பது உங்களுக்குத் தெரியாததன்று. சேதுபதிகளின் ஜமீன் ஆட்சியில் இருந்தவை, 1948-ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகு அரசுக்கு வந்தன. நூறு ஏக்கருக்குக் குறைந்த ஆயக்கட்டு உள்ளவை ஊராட்சி ஒன்றியங்களுக்கும், அதற்கு மேற்பட்டவை பொதுப்பணித் துறைக்கும், பின்னர் நீர்வளத் துறைக்கும் என்று பிரிக்கப்பட்டன. தமிழ்நாட்டில் உள்ள சுமார் 39,000 ஏரிகள், கண்மாய்களில் பெரும்பகுதி ஒன்றியங்களின் பொறுப்பில் உள்ள சிறியவையே. நாற்பத்தெட்டு மடைகளுக்குப் பேர்போன இராஜசிங்கமங்கலம் கண்மாயைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். மூன்று மடையும், மிகுநீர் வெளியேறும் ஒரு கலுங்கும் உள்ள எங்கள் கண்மாயைப் போன்றவை உடைந்தால்தான் செய்தியாகின்றன.

ஊராரின் உழைப்பை அரசு கேட்டுப் பெறுவதும் புதிதன்று. மராமத்து வேலைக்கு வராதவர்களைக் கட்டாயப்படுத்த ஆங்கிலேய அரசு 1858-இலேயே ஒரு சட்டம் இயற்றியது. 2000-ஆம் ஆண்டு விவசாயிகளின் பாசன மேலாண்மைக்கென ஒரு சட்டம் வந்தது. 2017-இல் தமிழக அரசு, ஊராரே பங்கேற்றுச் செய்யும் பராமரிப்பான குடிமராமத்தை மீண்டும் தொடங்கி, 1,519 பணிகளுக்கு 100 கோடி ரூபாய் ஒதுக்கி, அதில் பத்தில் ஒரு பங்கைப் பாசனதாரர்கள் ஏற்க வேண்டும் என்றது. கரையும் மடையும் சீரான இடங்கள் உண்டு, அதை மறுக்கவில்லை. வட்டாட்சியர் அனுமதியிலேயே விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் கண்மாய்க்குள் படியும் கரம்பை மண்ணை இலவசமாக எடுக்கலாம் என்று 2024-இல் நடைமுறை எளிதாக்கப்பட்டதும் நல்ல முடிவு.

ஆனால் இவை எல்லாமே கோடையில் மண் வெட்டும் ஏற்பாடுகள். நூறு நாள் வேலை என்று நாம் அறிந்த ஊரக வேலைத் திட்டத்திலும் கண்மாய்க்குள் மண் வெட்டக் கூலி உண்டு; மழை பெய்யும் இரவில் கரையைச் சுற்றி வருவதற்குக் கூலி இல்லை. புதிதாகப் பொருத்தப்பட்ட திருகு மடைக்கு எண்ணெய் போடவும் கைப்பிடியைப் பத்திரப்படுத்தவும் ஆளில்லாமல், இரண்டே ஆண்டில் அது துருவேறி இறுகிப்போவதையும், அவசரத்துக்கு யாரோ கடப்பாரையால் நெம்பி உடைப்பதையும் எங்கள் வட்டாரத்தில் பார்க்கிறோம். மேல்மடைக்காரர் இரவில் எஞ்சின் வைத்து இறைத்துவிட, கடைமடைக்காரர் பயிர் கருகி நிற்பதும் நடக்கிறது. அதைக் கேட்கப் போனால் சண்டைதான் மிஞ்சுகிறது. பொதுவான ஓர் ஆளுக்கு அதிகாரம் இருந்த காலத்தில் சண்டைக்கு அவ்வளவு இடம் இருந்ததில்லை.

பணம் எங்கிருந்து வரும் என்று கேட்பீர்கள். கண்மாயிலிருந்தே வரும். மீன் பிடிக்கும் உரிமைக்கான மீன்பாசி ஏலத்திலும், சீமைக் கருவேல மரங்களை ஏலம் விடுவதிலும் கிடைக்கும் தொகை பொதுக் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. கண்மாய்க்குத் திரும்புவது அரிது. அந்தத் தொகையில் ஒரு பங்கை அந்தந்தக் கண்மாயின் நீர்ப்பாய்ச்சிக் கூலிக்கென்று ஒதுக்கி ஓர் அரசாணை வெளியிட்டால் போதும். ஏல வருமானம் இல்லாத சிறிய கண்மாய்களுக்கு, மழைக்காலக் கரைக் காவலை ஊரக வேலைத் திட்டத்தில் அனுமதிக்கப்பட்ட பணியாகச் சேர்க்கும்படி மாநில அரசு ஒன்றிய அரசிடம் கேட்கலாம். ஆளைத் தேர்வு செய்யும் உரிமை கிராம சபையிடம் இருக்கட்டும்; ஒப்பந்தக்காரரிடம் அதை விட்டுவிட வேண்டாம் என்று அழுத்திச் சொல்கிறேன். மேலும், மடையின் சாவியும் கைப்பிடியும் யாரிடம் இருக்கிறது என்பதை ஒன்றிய அலுவலகப் பதிவேட்டில் ஒவ்வொரு புரட்டாசியிலும் எழுதி வைக்க வேண்டும்.

எங்கள் வட்டாரத்தில் விதைப்பு ஆவணியில் தொடங்கிவிடும் என்பதால், அரசாணை ஆடிக்குள் வந்தால்தான் இந்த ஆண்டுப் பயிருக்குப் பயன்படும். முதலில் ஓர் ஒன்றியத்தில் மட்டும் செய்து பார்ப்பதென்றாலும் எங்களுக்குச் சம்மதமே. அதற்கான ஆயக்கட்டுப் பட்டியலையும் பாசனதாரர் விவரங்களையும் திரட்டித் தர எங்கள் ஊரார் ஆயத்தமாக இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
இராமநாதபுரம் மாவட்டச் சிறு கண்மாய் ஒன்றின் பாசன விவசாயி