செயலாளரின் ஆண்டறிக்கை: நிகர அளவீடும் நம் மின்கட்டணப் பட்டியல்களும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கூரையில் சூரியத் தகடுகளைப் பொருத்தி மின்கட்டமைப்புடன் இணைத்திருக்கும் நம் உறுப்பினர்களிடமிருந்து இவ்வாண்டு வந்த கடிதங்களையும் தொலைபேசி விசாரிப்புகளையும் வரிசைப்படுத்திப் பார்த்தபோது, அவற்றில் பெரும்பாலானவை, "இவ்வளவு மின்சாரம் தயாரிக்கிறேனே, பில்லில் அது ஏன் தெரியவில்லை?" என்ற ஒரே கேள்வியின் வெவ்வேறு வடிவங்களாகவே இருந்தன. எனவே கூட்ட விவரங்களையும் வருகைப் பதிவையும் அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டு, நிகர அளவீடு, அதாவது நெட் மீட்டரிங், எப்படி நடக்கிறது என்பதற்கே இவ்வறிக்கையை ஒதுக்கியிருக்கிறேன். செயற்குழுவும் இதற்கு இசைந்தது.

வீட்டுத் தகடுகளில் உண்டாகும் நேர்மின்சாரம், அதை வீட்டுக் கருவிகளுக்கேற்ற மாறுமின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டர் வழியாக முதலில் அந்த வீட்டில் அப்போது ஓடிக்கொண்டிருக்கும் கருவிகளுக்குப் போகிறது; அவற்றின் தேவைக்கு மேல் மிஞ்சுவது மட்டுமே மீட்டரைக் கடந்து தெருக்கம்பிக்குச் செல்கிறது. தகடுகள் தருவது போதாத வேளையிலும் இரவிலும் அதே கம்பியிலிருந்து மின்சாரம் உள்ளே வருகிறது. உள்ளே வந்ததை இறக்குமதி என்றும் வெளியே சென்றதை ஏற்றுமதி என்றும் இருவழி மீட்டர் தனித்தனியே பதிவு செய்ய, கட்டணக் காலத்தின் முடிவில் முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்து, மீதமுள்ள யூனிட்டுகளுக்கு மட்டும் கட்டணம் கேட்பதே நிகர அளவீடு. காற்றாலை, சாண எரிவாயு போன்ற வழிகளில் மின்சாரம் தயாரித்து இணைப்பவர்களுக்கும் கணக்கு இதுவேதான்.

இதில் பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. பகலில் வீட்டுக்குள்ளேயே செலவாகிவிட்ட சூரிய மின்சாரம் மீட்டரைத் தொடுவதே இல்லை. ஆகவே அது பில்லில் எந்தக் கட்டத்திலும் வராது. மூத்த உறுப்பினர் ஒருவர், இன்வெர்ட்டர் திரையில் தெரியும் எண்ணை நாள்தோறும் மாலையில் தேதிவாரியாகக் குறித்து வைத்த நோட்டுப் புத்தகத்துடன் அலுவலகத்துக்கு வந்தார். அவர் கணக்குப்படி ஒரு மாத உற்பத்தி 410 யூனிட். பில்லில் ஏற்றுமதி 236 யூனிட். இடையில் 174 யூனிட்டுகள் களவு போய்விட்டன என்பது அவர் புகார். அந்த 174 யூனிட்டுகள்தாம் பகல் வேளையில் அவர் வீட்டுக் குளிர்பெட்டிக்கும் துணி துவைக்கும் இயந்திரத்துக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் போயின என்று சொன்னபோது அவர் எளிதில் நம்பவில்லை. மேகமில்லாத ஒரு நண்பகலில் அவர் வீட்டுக்கே சென்று, எல்லாச் சுவிட்சுகளையும் அணைத்துவிட்டு மீட்டரைப் பார்த்தோம். ஏற்றுமதித் திசையில் 2.6 கிலோவாட் காட்டியது. ஒரு குதிரைத்திறன் மோட்டாரைப் போட்டதும் அது 1.6-க்கு இறங்கியது. "இப்போது புரிகிறது, எடுத்தவன் நானேதான்" என்று அவர் சிரித்தபடி நோட்டை மூடினார்.

அதே பில்லில் இறக்குமதி 258 யூனிட். ஆகவே அவர் கட்டணம் கட்டியது 22 யூனிட்டுகளுக்கு; ஆனால் வீட்டின் உண்மையான செலவோ, உற்பத்தியில் ஏற்றுமதி போக நின்ற 174-உம் இறக்குமதி 258-உம் சேர்ந்த 432 யூனிட். உற்பத்தி, ஏற்றுமதி, இறக்குமதி ஆகிய மூன்று எண்களையும் ஒரே தேதியில் எடுத்தால்தான் இக்கணக்கு நேர்படும் என்பதை உறுப்பினர்கள் நினைவில் கொள்ள வேண்டுகிறேன். இன்வெர்ட்டர் எண் மாதத்தின் கடைசி நாளிலும் மீட்டர் எண் வேறொரு நாளிலும் எடுக்கப்பட்டிருந்தால், இல்லாத பிழையெல்லாம் இருப்பதுபோல் தோன்றும்.

இருவழி மீட்டர் வருவதற்கு முன்பே தகடுகளை ஓடவிட்டதால் நேர்ந்த இழப்பு ஒன்றையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். தட்டு சுழலும் பழைய மீட்டர் மின்சாரம் வெளியே போகும்போது பின்னோக்கிச் சுழலக்கூடியது. ஆனால் ஒருவழிக் கணக்குக்கென அமைந்த மின்னணு மீட்டர்களில் பல, இணைப்பை மாற்றிப் போட்டு ஏமாற்றுவதைத் தடுப்பதற்காக, எத்திசையில் ஓடினாலும் அதைச் செலவாகவே எண்ணுகின்றன. தகடு பொருத்தியவர், "சும்மா போட்டுப் பார்க்கலாம்" என்று சொன்னதை நம்பி மூன்று வாரம் ஓடவிட்ட உறுப்பினருக்கு, தாம் கொடுத்த மின்சாரத்துக்கும் தாமே பணம் கட்டும் நிலை வந்தது. சங்கத்தின் சார்பில் எழுதிய கடிதத்துக்கு இன்னும் முடிவு வரவில்லை. மீட்டர் மாற்றப்பட்டு இணைப்பு அனுமதி கைக்கு வரும்வரை இன்வெர்ட்டரை அணைத்தே வையுங்கள்.

மின்தடையின்போது, கூரையில் வெயில் காயத் தகடுகள் இருந்தும் வீட்டில் மின்விசிறி ஓடவில்லையே என்று கேட்டவர்களுக்குச் சுருக்கமான விடை: அது பழுது அன்று, பாதுகாப்பு. கம்பியில் மின்சாரம் இல்லை என்று நம்பிப் பழுது பார்ப்பவர் கம்பத்தில் ஏறியிருக்கும்போது நம் வீட்டிலிருந்து மின்சாரம் பாய்ந்தால் உயிருக்கே ஆபத்து. ஆகவே, கட்டமைப்பிலிருந்து துண்டுபட்ட பகுதிக்கு மின்சாரம் கொடுத்துக்கொண்டிருக்கும் இன்வெர்ட்டர் 2 விநாடிகளுக்குள் அதை உணர்ந்து நின்றுவிட வேண்டும் என்று, மின்பொறியாளர்களின் பன்னாட்டு அமைப்பான ஐஇஇஇ வகுத்த 1547 தரநிலை கேட்கிறது. மின்தடையிலும் விளக்கு எரிய வேண்டுமென்றால், மின்கலமும், வீட்டைத் தெருக்கம்பியிலிருந்து முற்றிலும் பிரிக்கும் மாற்றுச் சுவிட்சும் தேவை.

இதற்கு நேர்மாறாக, நல்ல வெயிலில், தெருவில் மின்சாரம் இருக்கும்போதே இன்வெர்ட்டர் அடிக்கடி நின்றுபோகிறது என்ற புகார், மின்மாற்றியிலிருந்து தொலைவில், கம்பியின் கடைக்கோடியில் இருக்கும் வீடுகளிலிருந்தே வந்தது. ஒரே கம்பியில் பல வீடுகள் நண்பகலில் ஒருசேர மின்சாரத்தைத் தள்ளும்போது மின்னழுத்தம் உயர்கிறது. வரம்பைத் தாண்டியதும் இன்வெர்ட்டர் விலகிக்கொள்கிறது. இன்வெர்ட்டருக்கும் மீட்டருக்கும் இடையே போட்ட கம்பி மெலிதாக இருந்தாலும் இதே கோளாறு வரும் என்பதால், மின் நிறுவனத்துக்கு எழுதும் முன் அதைப் பார்த்துவிடுவது நல்லது. அது சரியாக இருந்தால், இன்வெர்ட்டர் நிற்கும் நேரத்து மின்னழுத்த அளவைக் குறித்துக் கொடுத்து, மின்மாற்றியின் அமைப்பைத் திருத்தக் கேட்கலாம்.

ஏற்றுமதி இறக்குமதியை மிஞ்சினால் அந்த மிச்ச யூனிட்டுகள் அடுத்த காலத்துக்கு வரவாகச் செல்வதும், ஆண்டுக்கணக்கு முடியும் நாளில் அந்த வரவு குறைந்த விலைக்குத் தீர்க்கப்படுவதோ அடியோடு அழிந்துபோவதோ பல விதிமுறைகளில் காணப்படுவதுதான். வெயில் மிகுந்த பருவத்துக்கு அடுத்தாற்போல் கணக்கு முடியுமானால், சேர்த்த வரவைச் செலவழிக்கக் காலமே இருக்காது. தேவைக்கு மேல் தகடுகளை அடுக்குவதில் லாபமில்லை என்று சங்கம் திரும்பத் திரும்பச் சொல்வதன் காரணம் இதுவே. யூனிட் கணக்கைப் பொறுத்து மாறாத நிலைக்கட்டணத்தையும் இந்த வரவு பெரும்பாலும் ஈடு செய்யாது. நிகரம் பூஜ்யமாகியும் பில் பூஜ்யமாகவில்லையே என்று வருந்தியவர்கள் இதைக் கவனிக்கவும்.

பொதுக்குழுவில் நீண்ட விவாதத்துக்கு உள்ளானது விதிகள் மாறுவது பற்றிய பொருள். நிகர அளவீட்டில் நாம் கொடுக்கும் ஒரு யூனிட்டும் வாங்கும் ஒரு யூனிட்டும் ஒரே மதிப்புடையவை. நிகரக் கட்டணம் என்ற முறையிலோ, கொடுக்கும் யூனிட்டுக்குத் தனியாக ஒரு விலை, பெரும்பாலும் குறைந்த விலை, வைக்கப்படுகிறது. 1983-ஆம் ஆண்டிலேயே நிகர அளவீட்டுக்குச் சட்டம் இயற்றியது அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலம். ஹவாய் 2015-இல் புதிய வாடிக்கையாளர்களுக்கு அதை மூடியது. கலிபோர்னியா 2023 ஏப்ரல் 15 முதல் புதிய விண்ணப்பங்களை நிகரக் கட்டண முறைக்கு மாற்றியது, முன்பே இணைந்தவர்களுக்கு 20 ஆண்டுகள் வரை பழைய விதியை விட்டுவைத்தது. நண்பகலில் அனைவரும் கொடுத்துவிட்டு மாலையில் அனைவரும் கேட்டால், கம்பியையும் கம்பத்தையும் பராமரிக்கும் செலவு தகடு இல்லாதவர் தலையில் விழுகிறது என்பது மின் நிறுவனங்களின் வாதம். அதை முற்றிலும் தள்ளிவிட முடியாது என்பது என் சொந்தக் கருத்து. உற்பத்தியாகும் இடத்துக்கு அருகிலேயே செலவாவதால் கம்பியில் வீணாகும் மின்சாரம் குறைவதை அவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை என்று உறுப்பினர்கள் சிலர் கடுமையாக மறுத்ததையும் அப்படியே பதிவு செய்கிறேன்.

எந்த முறை வந்தாலும், மோட்டாரையும் துணி துவைப்பதையும் நண்பகலுக்கு மாற்றிக்கொண்ட வீடுகளுக்குப் பாதிப்பு குறைவு என்பதில் மட்டும் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இருக்கவில்லை. அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒரே தேதியில் எடுத்த மூன்று எண்களையும் கடைசி பில்லையும் எடுத்து வாருங்கள். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசித்து முடித்தபின் ஒவ்வொரு பில்லாகப் பார்க்கலாம்.

இங்ஙனம்,
செயலாளர்