குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்தவர்களுக்கு நன்றி

ஊர்ப் பெரியவர்களுக்கும் அண்ணாச்சி, அக்கா, மதினிமார் எல்லோருக்கும் வணக்கம்.

தாமிரபரணியின் கன்னடியன் கால்வாயிலிருந்து நம் குளத்துக்கு வரும் வரத்துக்காலில் ஆகாயத்தாமரை என்னும் அமலைச் செடியும் சீமைக்கருவேலமும் ஒழிந்து, இந்தப் பிசான நெல் பருவத்துக்குத் தண்ணீர் வந்துவிட்டது. ஆகஸ்ட் 15 கிராம சபையில் நாம் போட்ட தீர்மானம்தான் இதற்கு வழி திறந்தது. அதற்குத் துணை நின்றவர்களுக்கு இளைஞர்கள் சார்பில் இந்த மடல்.

முதல் நன்றி பீடி சுற்றும் நம் அம்மாமாருக்கு. மக்கள்தொகை 501 முதல் 3,000 வரை உள்ள ஊரில் 100 பேர் வந்தால்தான் கிராம சபைக் கூட்டம் செல்லுபடியாகும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர்கள், ஒரு முற்பகலை விட்டுக்கொடுப்பது சின்ன விஷயமில்லை. சிலர் பீடி சுற்றும் சொளகை (முறத்தை) மடியில் வைத்தபடியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, இலையைச் சுருட்டி நூல் கட்டிக்கொண்டே கேட்டார்கள். வரத்துக்கால் பேச்சு வந்ததும் சொளகைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் தூக்கினார்கள். அதைப் பார்த்த பிறகுதான் எங்களுக்கு எழுந்து பேசத் துணிவு வந்தது.

வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்பவர்தான் கிராம சபை உறுப்பினர். அதனால் கல்லூரித் தங்கைகள் வீடு வீடாகப் போய்ப் பட்டியலில் பெயர் சேர்க்கும் படிவம் 6 நிரப்ப உதவினார்கள். 18 வயது நிறைவதற்கு ஜனவரி 1 மட்டுமல்ல, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகளும் கணக்கில் வரும் என்பது பல வீடுகளுக்கு அவர்கள் சொல்லித்தான் தெரிந்தது.

குளத்தின் பாசனப் பரப்பான ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் குளம் நீர்வளத்துறைக்கு, குறைந்தால் ஊராட்சி ஒன்றியத்துக்கு என்று எடுத்துச் சொன்ன ஓய்வுபெற்ற அண்ணாச்சிக்கு நன்றி. அவர் இல்லாவிட்டால் மனு மேசை மேசையாக அலைந்திருக்கும். ‘ஆவன செய்யப்படும்’ என்ற ஒற்றை வரி போதாது, எந்த மடையிலிருந்து எந்தப் பாலம் வரை என்று எழுத வேண்டும் எனக் கேட்டோம். ஊராட்சிச் செயலர் முகம் சுளிக்காமல் எழுதி, உரக்க வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்துக்கு நோட்டை நீட்டினார். திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்துக்குக் கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ் வரை உடன் வந்தவர்களுக்கும், சென்னை, கோவையிலிருந்து இரவு பஸ் பிடித்து வந்த தம்பிமாருக்கும், பொக்லைன் ஓட்டியவருக்கும் நன்றி.

2023 டிசம்பர் வெள்ளத்தில் ஓடி ஓடி உதவிய இளைஞர்களை ஊரே வாழ்த்தியது. தீர்மானப் புத்தகத்தின் முன்னால் பொறுமையாக உட்காருவதும் அதற்குக் குறைந்த ஊர்ப்பணி இல்லை என்றே நாங்கள் நினைக்கிறோம்.

நவம்பர் 1 உள்ளாட்சி தினக் கிராம சபையில் குளத்து மடையின் பழுதான ஷட்டரைப் பற்றிப் பேசவிருக்கிறோம். மனுவைத் தங்கைகள் எழுதி நூலகத்தில் வைத்திருக்கிறார்கள். கடைமடை வயல்காரர்கள் வாசித்துப் பார்த்து, விட்டுப்போனதைச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஊர் இளைஞர்கள்