அந்த வளையத்தைப் பற்றியும் சொல்லுங்கள்: மகளிர் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய மகளிர் மருத்துவர்களுக்கு,

வணக்கம். கர்ப்பப்பை இறக்கத்தோடு உங்களிடம் வரும் பெண், அதை வாய்விட்டுச் சொல்லவே நெடுநாள் தயங்கியிருப்பாள். "கீழே ஏதோ இறங்குகிற மாதிரி இருக்கிறது டாக்டர்" என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் ஆபரேஷன் பேச்சு வந்துவிடுகிறது. இல்லாவிட்டால், "இந்த வயதில் சகஜம்தான்" என்று வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். நடுவில் பெசரி என்று ஒரு வழி, அதாவது இறங்கிய கர்ப்பப்பையைத் தாங்கப் பிறப்புறுப்புக்குள் வைக்கும் வளையம் போன்ற சாதனம், இருப்பதை எனக்கும் யாரும் சொல்லவில்லை. நானாகக் கேட்ட பிறகுதான் பேச்சே வந்தது.

இத்தனைக்கும் இது பழைய வைத்தியம். ஹிப்போகிரட்டீஸ் பெயரில் வழங்கும் கிரேக்க மருத்துவ நூல்களிலேயே, இறங்கிய கர்ப்பப்பையைத் தாங்க மாதுளையை நறுக்கி உள்ளே வைக்கும் குறிப்பு உண்டு. நல்லவேளை, நம் காலத்தில் சிலிகான் வந்துவிட்டது.

ஆபரேஷனே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. நெதர்லாந்தில் 440 பெண்களை வைத்து நடந்து 2022-ல் வெளியான ஆய்வில், 2 ஆண்டுகள் கழித்து நல்ல முன்னேற்றம் என்று சொன்னவர்கள் ஆபரேஷன் பிரிவில் 81.5 சதவீதம், பெசரி பிரிவில் 76.3 சதவீதம். பெசரியில் தொடங்கியவர்களில் பாதிக்குச் சற்று அதிகமானோர் இடையில் ஆபரேஷனுக்கு மாறியும் போனார்கள். சரி, மாறாத மற்றவர்கள்? அவர்களுக்குக் கத்தி தேவைப்படவில்லையே. இரண்டு எண்களையும் எங்கள் முன் வையுங்கள், நாங்கள் யோசித்துச் சொல்கிறோம்.

எனக்குப் பெரிய மனக்குறை வேறொன்று. பூஞ்சைத் தொற்று என்றால், மாத்திரையை இரவில் நீங்களே உள்ளே வைத்துக்கொள்ளுங்கள் என்கிறீர்கள். கருத்தடை வளையத்தைப் பெண்ணே வைத்து, 3 வாரம் கழித்து அவளே எடுக்கிறாள். டயஃப்ரம் என்ற கருத்தடை மூடியைப் பயன்படுத்துகிறவளும் அப்படித்தான், அவளே வைத்து அவளே எடுக்கிறாள். ஆனால் கர்ப்பப்பையைத் தாங்கும் வளையம் என்றதும், "நீங்கள் தொடாதீர்கள், சில மாதம் கழித்து வாருங்கள், நாங்கள் எடுத்துக் கழுவி வைக்கிறோம்" என்றாகிவிடுகிறது. ஏன்? அதே உடம்பு, அதே விரல்கள். பிரிட்டனில் 340 பெண்களிடம் இதைச் சோதித்து 2023-ல் முடிவை வெளியிட்டார்கள். தாங்களே எடுத்து வைக்கக் கற்றுக்கொண்டவர்களின் வாழ்க்கைத் தரம், கிளினிக்குக்கு வந்து மாற்றிக்கொண்டவர்களுடையதைவிடக் குறையவில்லை. சிக்கல்கள் குறைவாகவே இருந்தன.

மடித்துப் பிடிக்கவும், உள்ளே தள்ளவும், விரலை மாட்டி இழுக்கவும் கற்றுக்கொடுக்கக் கொஞ்ச நேரம் ஒதுக்கினால் போதும். மூட்டுவலியால் விரல் மடங்காதவர்களுக்கும் மறதி நோய் உள்ளவர்களுக்கும் இது சரிவராது, ஒப்புக்கொள்கிறேன். அவர்களை நீங்கள்தான் கூப்பிட்டுப் பார்க்க வேண்டும். உள்ளே இருப்பதையே எல்லோரும் மறந்துபோன பெசரி, சதையில் புதைந்து, சிலருக்குச் சிறுநீர்ப்பைக்கோ மலக்குடலுக்கோ ஓட்டை போட்டுவிடும் என்பது எங்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதனால் வைத்துவிடும்போதே ஒரு சீட்டு எழுதிக் கொடுங்கள்: என்ன வகை, என்ன அளவு, அடுத்து எப்போது வரவேண்டும், எதைக் கண்டால் உடனே ஓடிவர வேண்டும். ரத்தம் கசிவது, நாற்றத்தோடு வெள்ளைப்படுவது, சிறுநீர் போக முடியாமல் அடைப்பது என்று பச்சையாகவே எழுதுங்கள். மாதவிடாய் நின்றவர்களுக்கு உள்தோல் மெலிந்து புண்ணாகும் என்பதால், ஈஸ்ட்ரோஜன் கிரீம் தேவையா என்பதையும் அப்போதே பேசிவிடலாம். முதல் அளவு பொருந்தாமல் நழுவி விழுந்தால் அதோடு கைவிட்டுவிடாமல் அடுத்த அளவைப் போட்டுப் பாருங்கள்.

அப்புறம், தாம்பத்தியம். பெசரியில் வளைய வகையை உள்ளே வைத்துக்கொண்டே உறவு கொள்ளலாம், தண்டு வைத்த தட்டு போன்ற கெல்ஹார்ன், கனசதுர வகைகளை முதலில் எடுத்துவிட வேண்டும். அறுபது வயதுப் பெண் இதை உங்களிடம் கேட்கமாட்டாள். கேட்காமலே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
பெசரி பயன்படுத்தும் ஒரு பெண்