டைரக்டர் கே. சுப்ரமணியம் நினைவுக் கூடம்: நன்கொடை வேண்டுகோள்

பாலைவனநாதர் திருவருளை முன்னிட்டு, பாபநாசம் பெரியோர்களுக்கும், வெளியூர் வெளிநாடுகளில் இருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் குழுவின் வணக்கம்.

ஏப்ரல் 20 டைரக்டரின் பிறந்த நாள். அன்றைக்கு நினைவுக் கூடத்தைத் திறப்பதாக ஊருக்கே சொல்லிவிட்டோம். சுவர் எழும்பிவிட்டது, கூரை இல்லை. இன்னும் ரூ. 4,75,000 வேண்டும்.

1904-ல் இங்கே பிறந்தவர், வக்கீல். மௌனப் பட காலத்திலேயே, நடிகரும் இயக்குநருமான ராஜா சாண்டோவோடு சேர்ந்து சினிமாவுக்குப் போனார். நாடக மேடையில் பாடிக்கொண்டிருந்த தியாகராஜ பாகவதரையும் எஸ்.டி. சுப்புலட்சுமியையும் 1934-ல் ‘பவளக்கொடி’யில் திரைக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். எம்.எஸ். சுப்புலட்சுமியின் முதல் படமான ‘சேவாசதனம்’ (1938) அவர் எடுத்தது. ‘பாலயோகினி’யில் (1937) சாதிக் கொடுமையையும் விதவைகளின் துயரத்தையும் துணிந்து காட்டினார். அந்தப் படம் பார்த்தவர்கள் தங்கள் பெண் குழந்தைகளுக்கு, அதில் நடித்த குழந்தை நட்சத்திரம் பேபி சரோஜாவின் பெயரை வைத்தார்கள். நம் தெருக்களில் சரோஜா என்ற பாட்டிமார் இருந்தால் கேட்டுப் பாருங்கள். கல்கியின் கதையில் பாபநாசம் சிவன் சம்பு சாஸ்திரியாக நடித்த ‘தியாகபூமி’ 1939-ல் வந்தது. தேசபக்தி பொங்குகிறது என்று வெள்ளைக்கார அரசு அதைத் தடை செய்தது. ஒரு சினிமாவைப் பார்த்து அரசாங்கம் பயந்தது என்றால், அதை எடுத்தவர் நம் ஊர்க்காரர்!

செலவு இதுதான்: கூரைக்கு 2,10,000, மின் இணைப்புக்கும் வயரிங்குக்கும் 85,000, புரொஜெக்டர், திரை, ஒலிபெருக்கிக்கு 1,30,000, புத்தக அலமாரிக்கும் நாற்காலிக்கும் 50,000.

இதுவரை ரூ. 9,85,000 சேர்ந்திருக்கிறது. செங்கல்லை அடக்க விலைக்கே கொடுத்த சூளைக்காரர், ஒரு மாத பென்ஷனை அப்படியே கொண்டுவந்து கொடுத்த டீச்சரம்மா, சீட்டுப் பணத்தில் ஒரு பங்கை ஒதுக்கிய மகளிர் குழுச் சகோதரிகள், வளைகுடாவில் வெயிலில் நின்று சம்பாதித்ததை அனுப்பிய தம்பிகள், கூலி வாங்காமல் இரண்டு நாள் மண் சுமந்த இளைஞர்கள், உண்டியலை உடைத்துக் கொண்டுவந்த பள்ளிப் பிள்ளைகள், இவர்கள் எல்லோருக்கும் ஊர் கடமைப்பட்டிருக்கிறது. அவர்கள் குலம் தழைக்கட்டும்.

சிலர் பெரிய தொகையாகப் பெயர் எழுதிக் கொடுத்தார்கள். பணம் இன்னும் வரவில்லை. உங்கள் பெயரை நம்பித்தான் கொத்தனாருக்கு வாக்குக் கொடுத்தோம். பள்ளிப் பிள்ளைகளே கொடுத்துவிட்ட பிறகு பெரியவர்கள் தாமதிப்பது சரியா என்று நீங்களே யோசியுங்கள். கோயில் திருப்பணிக்கு எப்போதும் பின்வாங்காத ஊர் இது. கலைக்கும் அதே மனசு வேண்டும்.

ரூ. 100 என்றாலும் ரசீது உண்டு. ரூ. 5,000-க்கு மேல் கொடுப்பவர்கள் பெயர் கல்வெட்டில் பொறிக்கப்படும். கூரைத் தகடுக்குப் பங்குனி முடிவதற்குள் முன்பணம் கட்ட வேண்டும். அதற்குள் பொருளாளரிடம் நேரில் கொடுங்கள். வெளியூரில் இருப்பவர்கள் வீட்டுப் பெரியவர்கள் மூலம் கொடுத்தனுப்பலாம்.

இப்படிக்கு,
நினைவுக் கூடக் கட்டடக் குழு, பாபநாசம்