நீ பாதியில் வைத்துவிட்டுப் போன பைன்ட்

அன்புள்ள மாப்ள,

போன ஜூலையில் இங்கிலாந்தில், கேன்டர்பரியில் ஒரு பப்பில் உட்கார்ந்து ரெண்டு வாய் குடித்ததும் பைன்ட் கிளாஸை (அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேலே பிடிக்கும்) தள்ளி வைத்தாயே, ஞாபகம் இருக்கிறதா? "என்ன மச்சான், சூடா இருக்கு, கேஸும் இல்ல, பாத்திரம் கழுவுன தண்ணி மாதிரி இருக்கு" என்றாய். நான் வாயைத் திறக்காமல் மிச்சத்தையும் நானே குடித்து முடித்தேன். அதோடு விட்டிருக்கலாம். நீயோ ஊருக்குப் போய் "வெள்ளைக்காரன் வெந்நீர் பீர் குடிக்கிறான்" என்று நம்ம செட்டு முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறாய். அதனால்தான் இந்தக் கடிதத்தை எல்லாரும் பார்க்கிற இடத்தில் போடுகிறேன்.

முதலில் சூடு. நீ தள்ளி வைத்தது காஸ்க் ஏல், அதாவது பீப்பாயிலேயே பக்குவமாகிற பீர். நல்ல பப்பில் அது 11 முதல் 13 டிகிரிக்குள் வரும். கிணற்றுத் தண்ணியின் குளிர்ச்சி என்று வைத்துக்கொள். ஐஸ் மாதிரி இறக்கினால் நாக்கு மரத்துப்போகும். அப்புறம் மால்ட் என்கிற முளைகட்டிய தானியமாவது, ஹாப்ஸ் என்கிற கசப்புப் பூவாவது, எதைக் குடிக்கிறோம் என்றே தெரியாது.

அடுத்தது, உனக்குப் புரியாமல் போன விஷயம். நீ பாட்டிலில் குடிக்கிற லாகர் பீர் ஆலையிலேயே முடிந்துபோன சரக்கு. வடிகட்டி, சூடுகாட்டி, கேஸ் ஏற்றி அனுப்புகிறார்கள். காஸ்க் ஏல் அப்படியில்லை. ஈஸ்ட் உயிரோடு இருக்கும்போதே பீப்பாயில் அடைத்துவிடுவார்கள். மிச்சம் நொதிக்கிற வேலை பப்புக்குக் கீழே இருக்கிற நிலவறையில் நடக்கும். பீப்பாயின் மேல் துளையில் கேஸ் கசியக்கூடிய மிருதுவான மரக்குச்சி ஒன்றைச் செருகி, அதிகப்படி கேஸைக் கசியவிடுவார்கள். போதும் என்று தோன்றும்போது அதை எடுத்துவிட்டு இறுக்கமான குச்சி. அந்தப் 'போதும்' எப்போது என்பதில்தான் கடைக்காரரின் கைவண்ணம். கலங்கலைத் தெளியவைக்க மீனின் காற்றுப்பையில் செய்த பசையைச் சேர்ப்பார்கள். நம் கடற்கரையில் நெட்டி என்பார்களே, அந்தச் சமாச்சாரம். (உன் சைவ நண்பர் வந்தால் இதை முன்கூட்டியே சொல்லிவிடு. பசை சேர்க்காத ஏலும் கிடைக்கும்.)

பீப்பாயைத் திறந்துவிட்டால் மூன்று நாள், அவ்வளவுதான். உள்ளே காற்று போகப்போக ருசி இறங்கும். வழக்கமான சின்னப் பீப்பாய்க்கு ஃபர்கின் என்று பேர். 72 பைன்ட் பிடிக்கும், நம் கணக்கில் சுமார் 41 லிட்டர். மூன்று நாளில் 72 பேர் குடிக்காத ஊரில் நல்ல ஏலும் கெட்டுப்போகும். காலையில் இறக்கின கள்ளை மறுநாள் குடிக்கச் சொன்னால் நீ குடிப்பாயா? அதே கணக்குதான்.

அதனால் ஏலில் பேர் பாதி, நிலவறை பாதி. ஒரே கென்ட் மாவட்டத்துக்குள் ஏன் வாராவாரம் பஸ் ஏறுகிறாய் என்று கேட்டாயே, காரணம் இதுதான். ஃபாவர்ஷமில் ஷெப்பர்டு நீம் ஆலை இருக்கிறது. 1698 என்று போட்டுக்கொண்டு, நாட்டிலேயே பழைய ஆலை என்று சொல்லிக்கொள்கிறார்கள். அவர்களுடைய மாஸ்டர் ப்ரூவை ஆலைக்குப் பக்கத்திலேயே குடித்தேன்: கசப்பு, அதன் பின்னால் லேசாகப் பிஸ்கட் மணம். அடுத்த வாரம் வேறோர் ஊரில் அதே மாஸ்டர் ப்ரூ, சுத்தக் காடி. கிளாஸைத் திரும்பக் கொண்டுபோய் வைத்தேன். கடைக்காரர் மோந்து பார்த்தார், முகத்தைச் சுளித்தார், ஒரு வார்த்தை பேசாமல் வேறு ஏல் ஊற்றிக் கொடுத்தார். நீயும் தள்ளி வைப்பதற்குப் பதில் அப்படிச் செய்திருக்கலாம். ஆனால் அன்றைக்கு உன் பைன்ட்டில் ஒரு குறையும் இல்லை. குடித்தவன் நான், சொல்கிறேன்.

ஹெர்ன் என்ற ஊருக்கு உன்னைக் கூட்டிப்போகாதது என் தப்பு. அங்கே புச்சர்ஸ் ஆர்ம்ஸ் என்று ஒரு கடை. முன்னால் நிஜமாகவே கறிக்கடையாக இருந்த இடம், கொக்கிகள் இன்னும் தொங்குகின்றன. நம்ம ஊர் டீக்கடை அளவுகூட இருக்காது. பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கும். புதுக் கடைக்கு உரிமம் தருகிற வேலை நீதிமன்றத்திடமிருந்து உள்ளாட்சிக்கு மாறியது 2005-இல். அதே வருஷம் திறந்த இந்தக் கடையைத்தான் முதல் மைக்ரோபப் என்கிறார்கள். இதைப் பார்த்து நாடு முழுக்க நூற்றுக்கணக்கில் முளைத்துவிட்டன. டிவி கிடையாது, பாட்டு கிடையாது, ஏல் பீப்பாயிலிருந்து நேராகக் கிளாஸுக்கு வரும். உள்ளே நுழைந்து ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, எதிரே இருந்த பெரியவர் என் செருப்பைப் பார்த்து மழை வரும் என்று எச்சரித்தார். வந்தது. அவருடைய முழங்கால் வலி, பேரனின் கிரிக்கெட் எல்லாம் இப்போது எனக்கு மனப்பாடம்.

ஸ்னார்கேட் வேறு ரகம். ரோம்னி மார்ஷ் என்ற சதுப்புநிலத்தின் நடுவில் ரெட் லயன். 1911 முதல் ஒரே குடும்பத்தின் கையில் இருக்கிற கடை. வெகுகாலம் நடத்திய அம்மாளின் பேரில் ஊரே அதை 'டோரிஸ்' என்கிறது. சலவைக்கல் மேடை, வெறும் மரத்தரை, சுவரில் யுத்தகாலச் சுவரொட்டிகள். மேடைமேல் ஏல் இறைக்கிற கைப்பம்பு நிற்கிறது, ஆனால் அதில் அடிப்பதில்லை. பீப்பாயில் திருகித்தான் பிடிக்கிறார்கள். கழிவறைக்கு வெளியே போக வேண்டும். நீ முணுமுணுப்பாய், தெரியும்.

சரி, செப்டம்பர் கடைசியில் வா. ஹாப்ஸ் தோட்டத்தைக் காட்டுகிறேன். கம்பும் கயிறும் கட்டிக் கொடி ஏற்றியிருப்பதைப் பார்த்தால் உனக்கு வெற்றிலைக் கொடிக்கால் ஞாபகம் வரும். ஒரு காலத்தில் கிழக்கு லண்டன் ஏழைக் குடும்பங்கள் குழந்தைகுட்டியோடு வந்து தங்கிப் பறித்த தோட்டங்கள். மெஷின் வந்ததும் அந்தக் கூட்டம் நின்றுபோனது. ஹாப்ஸைக் காயவைத்த உருண்டைக் கோபுர வீடுகளில் இப்போது பணக்காரர்கள் குடியிருக்கிறார்கள். வழக்கமாகக் காய்ந்த ஹாப்ஸைத்தான் போடுவார்கள். அறுவடைச் சமயத்தில் மட்டும், பறித்த 12 மணி நேரத்துக்குள் பச்சையாகவே போட்டு ஏல் காய்ச்சுவார்கள். புல் வெட்டின வாசனை அடிக்கும். வருஷத்தில் சில வாரம்தான், அப்புறம் தீர்ந்துவிடும்.

டிக்கெட் போட்டதும் சொல். உனக்கு அரை பைன்ட்தான் வாங்குவேன். முழுசாக வாங்கித் தருகிற அளவுக்கு உன்மேல் இன்னும் நம்பிக்கை வரவில்லை.

உன் மச்சான்