ஊழியப் பயணத்துக்குக் கிளம்பும் தங்கச்சிக்கு

அன்புள்ள தங்கச்சி,

ஸ்தோத்திரம். எலும்பும் தோலுமாக வந்து சேரும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள மிஷன் முகாமுக்குப் பெயர் கொடுத்திருக்கிறாய். சந்தோஷம். ஒன்றை மட்டும் மனதில் ஏற்றிக்கொண்டு போ. அந்தப் பிள்ளைகளைப் பார்த்ததும் இன்னும் ரெண்டு வாய் கொடுத்தால் என்ன என்று கை துடிக்கும். முதல் சில நாட்களில் அந்த ரெண்டு வாய் உயிருக்கே வினையாகலாம்.

நெடுநாள் பட்டினியில் இதயம், ஈரல், சிறுநீரகம் எல்லாமே வேலையைக் குறைத்துக்கொண்டிருக்கும். திடீரென்று சத்து இறங்கினால் இரத்தத்திலுள்ள பொட்டாசியமும் பாஸ்பேட்டும் செல்களுக்குள் போய்விடும், இதயம் தடுமாறும். அதனால்தான் முதலில் எஃப்-75 என்ற பால். 100 மி.லி.யில் 75 கலோரிதான், புரதம் 1 கிராம்கூட இல்லை. எடை ஏற்றுவது அதன் வேலை இல்லை. உயிரைப் பிடித்து நிறுத்துவதுதான்.

அளவு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 130 மி.லி. நீர் கோத்து மிகவும் வீங்கிய பிள்ளைக்கு 100. வீக்கமில்லாத 5 கிலோ பிள்ளைக்கு நாளைக்கு 650 மி.லி., ரெண்டு மணிக்கொரு தரம் 12 வேளை, வேளைக்கு 55. சின்னக் கிண்ணத்தில் அடிமட்டத்தில்தான் நிற்கும். பார்க்கவே மனசு கேட்காது. ஆனாலும் அதற்கு மேல் ஊற்றாதே.

கிண்ணமும் கரண்டியும் போதும். புட்டி வேண்டாம், அதன் ரப்பரைச் சரியாகக் கழுவவே முடியாது. தாயின் மடியில் தலை நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். படுக்கவைத்துப் புகட்டினால் புரையேறிப் பால் நுரையீரலுக்குப் போய்விடும். குடித்து முடித்ததும் மிச்சத்தை அளந்து பார். 55இல் 20 மிச்சம் என்றால் அட்டையில் 35 என்று எழுது. "கொஞ்சம் குடித்தான்" என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. அடுத்தடுத்து ரெண்டு வேளை 44க்குக் கீழே, அதாவது வேளை அளவில் ஐந்தில் நாலு பங்குக்குக் கீழே, இறங்கினால் நர்ஸிடம் சொல், மூக்குக் குழாய் தேவைப்படலாம். மிச்சப் பாலை அடுத்த வேளைக்கு வைக்கக் கூடாது, கொட்டிவிடு.

உன்னைப் போன்றவர்கள் அதிகம் உதவக்கூடியது இராத்திரியில்தான். ஆள் குறைவு, தாய் களைத்துத் தூங்குவாள். 2 மணிப் பால் தவறினால் சர்க்கரை இறங்கும், சர்க்கரை இறங்கினால் உடம்பு குளிரும். ரெண்டும் சேர்ந்தே வரும், விடிவதற்குள் பிள்ளை போய்விடும். சாதாரணத் தெர்மாமீட்டர் பலவற்றில் 35 டிகிரிக்குக் கீழே கோடே இருக்காது. அக்குளில் 35க்குக் கீழே போனதா என்பதுதான் கேள்வி என்பதால், அதற்குக் கீழும் காட்டுவதைக் கொண்டுபோ. தலைக்குக் குல்லா போடு, தாயின் நெஞ்சோடு ஒட்டிப் போர்த்து. காய்ச்சல் இல்லையே என்று நிம்மதியாகிவிடாதே. இந்த உடம்புக்குக் கிருமியோடு போராடிக் காய்ச்சலை வரவழைக்கக்கூடத் தெம்பு இருக்காது.

கொழுகொழுவென்று தெரிகிற பிள்ளையையும் விட்டுவிடாதே. ரெண்டு பாதத்தின் மேலும் கட்டை விரலால் 3 விநாடி அழுத்து. எடுத்த பிறகும் குழி நின்றால் அது சதை இல்லை, நீர். மெலிவுக்கு நாடா இருக்கிறது: 6 மாதத்திலிருந்து 5 வயதுக்குள் உள்ள பிள்ளையின் இடது மேற்கை நடுவில் சுற்றளவு 115 மி.மீ.க்குக் கீழே என்றால் கடும் குறைபாடு. நாடாவை இறுக்கினால் அளவு குறையும், தளர்த்தினால் கூடும். தோலை ஒட்டி நின்றால் போதும். தாய் மறுபடி உண்டானதும் பால் மறந்து மெலிகிற பிள்ளையைச் சவலை என்கிறோமே, கானாவின் கா மொழியில் 'குவாஷியோர்கர்' என்பதற்கும் ஏறக்குறைய இதே பொருள்தான். மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் 1935இல் வீக்க நோய்க்கு அந்தச் சொல்லையே பெயராக எழுதினார். வீக்கம் வடியும்போது எடை குறையும். அதைப் பார்த்துப் பயந்து பாலைக் கூட்டிவிடாதே, குறைவதுதான் நல்ல செய்தி.

வயிற்றுப்போக்குக்கு வழக்கமான உப்பு-சர்க்கரைக் கரைசலை நீயாகக் கொடுக்காதே. அதில் இந்தப் பிள்ளைகளுக்குச் சோடியம் அதிகம், பொட்டாசியம் குறைவு. இவர்களுக்கென்று ரீசோமால் என்ற தனிக் கரைசல் இருக்கிறது, நர்ஸ் சொல்லும் அளவில் மட்டும் கொடு. இரும்புச் சத்து டானிக்கும் முதல் வாரத்தில் கூடாது, தொற்றை மோசமாக்கும். சபையார் அன்போடு பெட்டியில் வைத்துவிடும் டானிக், பால்பவுடர், பால்புட்டி மூன்றையும் வாங்காமல் கிளம்பு. உனக்கே இருமலோ சளியோ இருந்தால் அந்தப் பயணத்தை விட்டுவிடு.

தாயிடமிருந்து பிள்ளையை வாங்கி நீயே ஊட்ட ஆசை வரும். கிண்ணத்தை அவள் கையில் கொடு, பக்கத்தில் உட்கார். பத்து நாளில் நீ போய்விடுவாய், அவள்தானே வீட்டுக்குத் தூக்கிப் போகப்போகிறவள்! ஜெபம் செய், அவள் கேட்டால் அவளோடும் செய். ஆனால் ஜெபித்தால்தான் பால் என்று அவள் ஒரு நிமிஷம்கூட நினைத்துவிடக் கூடாது. போட்டோவும் அப்படித்தான். பால் வாங்கும் கையால் வேண்டாம் என்று சொல்ல முடியாது, அதனால் கேட்காமலே இருப்பது மேல்.

ஒரு நாள் கிண்ணத்தைக் கண்டதும் பிள்ளை கை நீட்டும், மொத்தமும் குடித்துவிட்டு இன்னும் கேட்டு அழும். பசி திரும்பிவிட்டது, அடுத்த பாலான எஃப்-100க்கு மாறும் நேரம் நெருங்குகிறது என்று அர்த்தம். அப்போதும் நீயாக ஊற்றாதே. முதல் ரெண்டு நாள் பால்தான் மாறும், அளவு மாறாது. நேரத்தையும் குடித்த அளவையும் எழுதி, அட்டையோடு போய் நர்ஸைக் கூப்பிடு.

அன்புடன்,
அக்கா