தோழி இல்லாத களவு

ஏற்காடு,
16.3.2025

அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதம் வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. மிளகு பறிப்பு முடியட்டும் என்று தள்ளிப்போட்டேன். நேற்றோடு முடிந்தது. முற்றம் முழுக்கப் பாய் விரித்துக் காயப்போட்டிருக்கிறோம். வீடெல்லாம் அந்தக் காரவாடைதான். காபி பூக்க இன்னும் மழை விழவில்லை. ஒரு நல்ல மழை பெய்தால் ஒன்பது பத்து நாளில் செடியெல்லாம் வெள்ளையாகிவிடும். அவர் தினமும் மாலையில் சேர்வராயன் கோயில் பக்கம் மேகம் கூடுகிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்கிறார். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? படியேறுவதை விட்டுவிட்டதால் வலி போய்விட்டது என்று எழுதியிருக்கிறாய். அது வலி போனதாகாது. மருத்துவர் சொன்ன அறுவை சிகிச்சையைச் செய்துகொள்.

உன் கடிதத்தின் கடைசிப் பக்கத்துக்கு வருகிறேன். செல்போனில் பார்த்துப் பழகிய பிள்ளைகள் ஓர் இரவுக்காக ஏற்காடு வருகிறார்களாமே, நீயும் அவர் பென்ஷனை மட்டும் வைத்துப் பிழைக்க முடியாமல் இதற்கெல்லாம் அறை கொடுக்கிறாயா என்று கேட்டிருந்தாய். வேறு யார் கேட்டிருந்தாலும் பதில் எழுதியிருக்க மாட்டேன்.

கொடுக்கிறேன், செல்வி. அவர் இரும்பாலையில் ஓய்வு பெற்ற பிறகு மூன்று அறைகளை வாடகைக்கு விடத் தொடங்கினோம். அப்போது முதலே இந்தக் கேள்வி என்னிடம் இருந்தது. முதல் ஆண்டு, கழுத்தில் தாலி இருக்கிறதா என்று பார்த்துத்தான் சாவி கொடுத்தேன். 2019-இல் கோவையில் அதிகாரிகள் இப்படி ஒரு விடுதிக்குப் பூட்டுப் போட்ட வழக்கில், மணமாகாத ஆணும் பெண்ணும் ஓர் அறையில் தங்குவதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதன் பிறகு இருவரின் அடையாள அட்டையையும் வாங்கி, பதினெட்டு வயது ஆகிவிட்டதா என்று பார்த்துப் பதிவேட்டில் எழுதிக்கொள்கிறேன். கழுத்தைப் பார்ப்பதில்லை. ஆனால் சட்டம் அனுமதிக்கிறது என்பதை உனக்குப் பதிலாகச் சொல்லமாட்டேன். நீ கேட்டது சட்டத்தை அல்ல.

கடந்த கார்த்திகையில் நடந்ததைச் சொல்கிறேன். அந்தப் பெண்ணிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். பெயரும் ஊரும் வேண்டாம்.

சனிக்கிழமை மாலை இருவரும் காரில் வந்தார்கள். பெங்களூரில் வேலை. அவளுக்கு இருபத்தாறு வயது இருக்கும். காபிப் பழம் பறிக்கத் தொடங்கிய நேரம். கூடையை எட்டிப் பார்த்து ஒரு பழத்தை வாயில் போட்டு, இனிக்கிறதே என்று ஆச்சரியப்பட்டாள். அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மறுநாள் விடியும் முன் கார் கிளம்பும் சத்தம் கேட்டது. ஆறு மணிக்குக் கதவைத் திறந்தால், பனியில் சால்வைகூட இல்லாமல் வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறாள்.

கைவிட்டுப் போய்விட்டான் என்று அழுகிறாள் என்றுதான் நினைத்தேன். காபி கொடுத்து, அவன் வருவானம்மா என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில், நான் எதையும் புரிந்துகொள்ளவில்லை என்பது தெரிந்தது. "அவன் வர வேண்டாம் அம்மா. ஒரு நாள் என்று பேசித்தான் வந்தோம். அதில் எனக்கு வருத்தம் இல்லை" என்றாள். ஏதோ ஒரு டேட்டிங் செயலியில் மூன்று வாரம் பேசிப் பழக்கம். இருவருக்கும் கல்யாண எண்ணம் இல்லை. பட்டும் படாமல் இருக்கலாம் என்று ஒத்துக்கொண்டுதான் மலையேறியிருக்கிறார்கள். ஆணுறை கட்டாயம் என்று அவள் முதலிலேயே சொல்லியிருக்கிறாள். சரி என்றவன், நடுவில் அவளுக்குத் தெரியாமல் அதைக் கழற்றிவிட்டிருக்கிறான். பிறகு கேட்டதற்கு, இதற்குப் போய் இவ்வளவா என்று சிரித்திருக்கிறான். அவள் விடாமல் கேட்கவே, இருட்டிலேயே கிளம்பிவிட்டான்.

செல்வி, நான் இதை எழுதும்போதும் கை நடுங்குகிறது. அவள் அந்த இரவுக்குச் சம்மதித்தாள். இதற்குச் சம்மதிக்கவில்லை. வீட்டுக்குள் வா என்று அழைத்தவர்கள், நகைப் பெட்டியை எடுத்துக்கொள் என்றா சொன்னார்கள்?

அவள் நடுக்கத்துக்குக் காரணம் அவன் இல்லை. அவள் எங்கே இருக்கிறாள் என்பது இந்த உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. அம்மாவிடம் அலுவலகத்தில் வேலை என்று சொல்லியிருக்கிறாள். அறைத் தோழியிடம் ஊருக்குப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். கருத்தரித்துவிட்டால் யாரிடம் சொல்வது, நோய் வந்துவிட்டால் யாரிடம் சொல்வது, செல்போனில் படம் எடுத்திருந்தால் யாரிடம் போவது? ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அவரிடம் விவரம் எதுவும் சொல்லாமல் காரை எடுக்கச் சொன்னேன். அவரும் எதுவும் கேட்கவில்லை; முப்பது ஆண்டு வாழ்ந்ததன் பலன். இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி, சேலத்தில் அஸ்தம்பட்டியிலிருந்து ஐந்து ரோடு வரை நான்கு மருந்துக் கடைகளில் அவசரக் கருத்தடை மாத்திரை கேட்டேன். நான் கேட்டேன், ஐம்பத்தேழு வயதுக்காரி. மூன்று கடையில் இல்லை என்றார்கள். நான்காவது கடைக்காரர் பதிலே சொல்லாமல், சற்றுத் தள்ளி நின்ற அந்தப் பெண்ணை மேலும் கீழும் பார்த்தார். மாத்திரை கேட்கவே ஒரு பெண்ணுக்கு எத்தனை துணிவு வேண்டியிருக்கிறது என்பதை அன்றுதான் பார்த்தேன்.

கடைசியில் எனக்குத் தெரிந்த மகப்பேறு மருத்துவரின் வீட்டுக்குப் போனோம். ஞாயிற்றுக்கிழமை என்று அவர் முகம் சுளிக்கவில்லை. கேட்டால் கடையில் கிடைப்பதில்லை என்பதற்காகவே வீட்டில் வைத்திருக்கிறேன் என்று அலமாரியிலிருந்து மாத்திரையை எடுத்துக் கொடுத்தார். 72 மணி நேரத்துக்குள் போட வேண்டுமாம். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு பலன். இது கருவைக் கலைக்கும் மாத்திரை இல்லை, கரு உண்டாகாமல் தடுப்பது என்று நிதானமாக விளக்கினார். எனக்கே அது அதுவரை தெரியாது. எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கவும் மருந்து உண்டு. அதையும் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி, 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். அதற்கும் ஏற்பாடு செய்தார். மறுநாள் அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையத்துக்குப் போனோம். இரத்தப் பரிசோதனை இலவசம், விவரம் வெளியே போகாது. தொற்று உடனே சோதனையில் தெரியாது என்பதால் மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும் என்றார்கள்.

படம் பற்றியும் விசாரித்தேன். ஒரு பெண் படமெடுக்கச் சம்மதித்திருந்தால்கூட, அதைப் பரப்பச் சம்மதிக்கவில்லை என்றால் பரப்புவது குற்றம்தான். மிரட்டினால் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணில் சொல்லலாம். நல்லவேளை, அவன் படம் எதுவும் எடுக்கவில்லை. அவன் மேல் புகார் கொடுக்கலாம், நானும் கூட வருகிறேன் என்றேன். யோசிக்கிறேன் என்றாள். பிறகு வேண்டாம் என்றாள். புகார் கொடுத்தால் முதலில் அம்மாவுக்குத் தெரியும் என்பதுதான் காரணம். அவனுக்கு அதுதான் பாதுகாப்பு.

அன்று திரும்பி மலையேறும்போது கோரிமேட்டில் நம் கல்லூரி வாசலைக் கடந்தேன். உனக்கு நினைவிருக்கும், சங்கக் காதல் பாடல்களின் இலக்கணமான அகப்பொருள் வகுப்பில் நீதான் முதல் பெஞ்ச். குறிஞ்சிக்குரிய ஒழுக்கம் புணர்தல், பொழுது யாமம், காலம் கூதிரும் முன்பனியும். மலையில், நள்ளிரவில், மணமாகாத இருவர். இதைத்தானே நாம் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கினோம்? நீ முப்பது ஆண்டு கரும்பலகையில் எழுதிப்போட்டுப் பாடம் நடத்தினாய். அந்தத் தலைவியை நாம் ஒருநாளும் ஏசியதில்லை.

களவு என்ற அந்த மறைவுக் காதல் கற்பில், அதாவது மணவாழ்வில், போய் முடிந்தது, இது முடியவில்லை என்று நீ சொல்வாய். உண்மை. நான் அதை மறுக்கவில்லை. ஆனால் அன்றைய தலைவிக்கு ஒரு தோழி இருந்தாள். அவர்கள் சந்திக்கும் இடங்களான பகற்குறியும் இரவுக்குறியும் தோழிக்குத் தெரியும். வருகிறவன் எப்படிப்பட்டவன் என்று தோழி எடைபோடுவாள், வராதே என்று முகத்துக்கு நேரே மறுப்பாள், காவல் கடுமை என்பாள், வழியில் யானை என்பாள். நிலைமை கைமீறினால் அறத்தொடு நின்று, அந்தக் காதலை வளர்ப்புத் தாயான செவிலியிடம் சொல்வாள். செவிலி பெற்ற தாயான நற்றாயிடம் சொல்வாள். என் வாசற்படியில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு இந்த வரிசையில் ஒருத்திகூட இல்லை. எவனை நம்பலாம் என்று சொல்ல அவளுக்கு ஒரு செயலி மட்டும் இருந்தது. களவுக்கு இத்தனை துறை வகுத்த நாம், நம் பிள்ளைகளுக்குத் தோழியை மட்டும் இல்லாமல் செய்துவிட்டோம். நீயும் நானும் சேர்ந்துதான் செய்தோம்.

2005-ஐ நினைத்துப் பார். திருமணத்துக்கு முந்தைய உறவு பற்றி நடிகை குஷ்பு ஒரு பத்திரிகையில் பேசியதற்கு ஊரெல்லாம் துடைப்பமும் செருப்பும் தூக்கினார்களே. நான் அப்போது அந்தக் கூட்டத்தின் பக்கம்தான் இருந்தேன். உனக்குத் தொலைபேசியில் பொரிந்து தள்ளினேன். ஐந்து ஆண்டு அலைந்த பிறகு, 2010 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அவர் மீதிருந்த 23 புகார்களையும் ரத்து செய்தது. அப்படி ஓர் உறவு வைத்துக்கொள்கிற பெண் கருவும் நோயும் வராமல் தன்னைக் காத்துக்கொள்ள வேண்டும் என்றும் அவர் அதே பேச்சில் சொல்லியிருந்தார். நம் காதில் அது விழவே இல்லை. அந்த மருந்துக் கடை வாசலில் நின்றபோது எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. வெட்கமாக இருந்தது.

எல்லாம் எனக்குச் சம்மதம் என்று நினைத்துவிடாதே. ஒருவன் மூன்று மாதத்தில் மூன்று பேரோடு வந்தான். வரவேற்ற என்னிடமே ஒவ்வொரு முறையும் முதல் தடவை வருகிறவன் போலப் பேசினான். கூட வந்தவளுக்காக அந்த நடிப்பு. நான்காம் முறை அறை இல்லை என்றேன். தை மாதம் வந்த ஒரு பையன் வேறு மாதிரி. அந்தப் பெண் சிரித்துக் கையசைத்துவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டாள். இவன் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, அவள் மறுபடி பேசுவாளா என்று என்னிடம் கேட்கிறான். எந்த எதிர்பார்ப்பும் இல்லை என்று இவன்தான் முதலில் சொன்னானாம். இரண்டு பேர் சேர்ந்து சொல்லும் இந்தச் சொல்லை ஒருவர் மனம் மட்டும் கேட்பதில்லை. உடம்பைப் பகிர்ந்துகொண்ட பிறகு மனம் சும்மா இருக்கும் என்று எல்லாரும் நம்புகிறார்கள். சிலருக்கு இருக்கிறது, சிலருக்கு இல்லை. எனக்கு இருந்திருக்காது. அதற்காக அவர்களைப் பழிக்க எனக்கு வாய் வரவில்லை.

சின்னவளிடம் இதையெல்லாம் சொன்னேன். சென்னையில் இருப்பவள், இருபத்தேழு வயது, பெண் பார்க்க வருகிறோம் என்றாலே போனை வைத்துவிடுகிறவள். முழுவதும் கேட்டுவிட்டு, "நான் இப்படி யாரையாவது பார்க்கப் போனால் உன்னிடம் சொல்லலாமா அம்மா?" என்று கேட்டாள். எனக்கு நெஞ்சை அடைத்தது. போகாதே என்ற சொல் நுனிநாக்கு வரை வந்துவிட்டது. அதைச் சொல்லியிருந்தால் அவள் போயிருப்பாள், சொல்லாமல். இடத்தின் பெயரையும் அவன் எண்ணையும் அனுப்பிவிட்டுப் போ என்றேன். இதுவரை இரண்டு முறை அனுப்பியிருக்கிறாள். யார் அவன், என்ன உறவு என்று நான் கேட்கவில்லை. வீடு சேர்ந்ததும் சொல் என்று மட்டும் எழுதினேன். சேர்ந்துவிட்டேன் என்று பதில் வரும்வரை இரண்டு இரவும் தூங்கவில்லை. அவர் மூன்று முறை எழுந்து, ஏன் விளக்கு எரிகிறது என்று கேட்டார்.

அந்தப் பெண்ணின் இரண்டாவது பரிசோதனை முடிவு போன மாதம் வந்தது. தொற்று எதுவும் இல்லை. செய்தி அனுப்பியிருந்தாள். அறைத் தோழியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளாம். அம்மாவிடம் இன்னும் இல்லை.

1988 உனக்கு நினைவிருக்கிறதா? நான் இங்கே லேடீஸ் சீட் காட்சிமுனையில் அவனோடு உட்கார்ந்திருந்த மூன்று மணி நேரமும் நீ ஏரிக்கரையில் தனியாக இருந்தாய். வேர்க்கடலைப் பொட்டலம் காலியான பிறகும் எழுந்து போகவில்லை. இருட்டுவதற்குள் வராவிட்டால் நானே மேலே வந்து கூப்பிடுவேன் என்று அவனிடமே சொல்லி அனுப்பினாய். என் வீட்டில் நூலகத்துக்குப் போனோம் என்றாய். என் கடிதத்துக்கு அவன் பதில் எழுதாமல் போய், நான் சோறு இறங்காமல் கிடந்தபோது, என் அம்மாவிடம் பேசியதும் நீதான். அம்மா என்னை அடிக்கவில்லை, பக்கத்தில் படுத்துக்கொண்டாள். இவ்வளவும் செய்தவள், இந்தப் பிள்ளைகளுக்குக் கதவைச் சாத்து என்று எனக்கு எழுதலாமா?

மே மாதக் கோடை விழாக் கூட்டம் தொடங்கிவிட்டால் மலையில் நிற்க இடமிருக்காது. அதற்கு முன் வா. கீழறை உனக்காக இருக்கிறது, படியே கிடையாது. உன் மகள் பூங்கொடி பெங்களூர் போய் இரண்டு ஆண்டு ஆகிறது என்று எழுதியிருந்தாய். அவளிடம் என் எண்ணைக் கொடு. எதற்கு என்று கேட்டால், காபி பூத்தால் கூப்பிடுவதற்கு என்று சொல்.

என்றும் உன்,
வசந்தா